வெள்ளித் தொண்டை

சாரம், புதுச்சேரி
ஆகஸ்ட் 4

சேசு மரி சூசை துணை

அதனாலதான் ஜோவி, நான் போன் அடிச்சாலும் எடுக்காதன்னு சொல்றேன். எடுத்தா நான் பேசுவேன், நான் பேசினா நீ "ம்"னாவது சொல்லுவ. அந்த "ம்"கூட தொண்டைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே. உங்கப்பன் லூர்துபிரகாஷ் வந்து சொன்னான். தொண்டையில ரெண்டு பக்கமும் காப்பு காய்ச்ச மாதிரி முடிச்சு விழுந்திருக்காம், மாசக்கணக்குல வாயே திறக்கக் கூடாதாம். என் தம்பி பொண்ணுக்கா இந்தத் தண்டனை? நம்ம வம்சத்துல ஒரு நாழி வாய மூடினவங்க யாருடி இருக்காங்க?

நீ போன்ல எழுதி அனுப்புற, சரி. ஆனா தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதுற. எனக்கு அது படிக்க வராது. உங்க யூஜின் மாமா கண்ணாடியத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டி, "சாப்டீங்களா"ன்னு படிச்சு முடிக்கறதுக்குள்ள உலை பொங்கிடுது. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போஸ்ட் ஆபீஸ்ல கவர் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு.

இங்க நாங்க சொகம். மாமாவுக்கு முட்டி வலி மட்டும் விடல. நீ கஞ்சியா குடிக்கிறியா, இல்ல அந்த ஊர் இட்லியா?

நேத்து ஆட்டோல பெரிய மார்க்கெட்டு போனேன். டிரைவர் உன் "நங்கூரம்" பாட்டப் போட்டுகிட்டு வரான். "இது எங்க தம்பி பொண்ணு"ன்னேன். "உப்புக்காத்து பேண்டா? அவங்க பெங்களூரும்மா"ன்னான். "இருக்குறது பெங்களூரு, பொறந்தது பிள்ளைச்சாவடி"ன்னேன். வண்டிய ஓரங்கட்டி, இறங்கி வந்து என் மூஞ்சியப் பாத்தான்டி! எனக்குக் கூச்சமா போச்சு.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல, நீ கோவிச்சுக்கக் கூடாது. நான் கோயில் பாட்டுக்குழுவுல எத்தன வருஷமா பாடுறேன், சுருதி எதுன்னு தெரியும். உன் குரல் நல்ல குரல் இல்ல. மேல போனா கிழியுது, கீழ போனா வெறுங்காத்து வருது. "இழுடா கயித்த, இன்னும் இழு"ன்னு பாடுறியே, அந்த "இன்னும்" வர எடத்துல உடைஞ்சு ரெண்டா விழுது. அந்தக் குரலுக்கா இத்தன ஜனம்! நெனச்சா மலைப்பா இருக்கு. மாதா கிருபைன்னுதான் சொல்லணும். சுமாரான குரலுக்கே இவ்வளவு குடுத்தவங்க, நல்ல குரலா ஆக்கிட்டா எவ்வளவு குடுப்பாங்க? வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன். வெள்ளியில தொண்டை செஞ்சு காணிக்கை வெச்சு, உனக்குத் தேன் மாதிரி குரல் கேக்கப் போறேன்.

வாயத் திறக்காத.

உன் அத்தை
சகாயசெல்வி

◆

பெங்களூரு
ஆகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அறை முழுக்க உங்கள் சத்தம். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்திருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். மாமாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

"பேசத் தடை" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். காய்கறிக்காரர் அதைப் படித்துவிட்டு, எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்து, வெண்டைக்காய் விலையைச் சைகையில் சொல்கிறார்.

கோபம் இல்லை அத்தை. என் குரலைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான்.

மருத்துவர் இரண்டு வழி சொல்கிறார். பேசாமல் இருந்து, பிறகு பயிற்சி செய்தால் முடிச்சுகள் தாமாகக் கரையலாம், கரையாமலும் போகலாம். அறுவை செய்துகொண்டால் சீக்கிரம் முடியும், குரலும் முன்பைவிடத் தெளியும் என்கிறார். செம்மலுக்கு அறுவைதான் சரி என்று படுகிறது. எங்கள் கிடார்க்காரனை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சட்டி மீன்குழம்பைத் தனியாகக் காலி செய்தானே, அவன்தான். பேண்டை ஆரம்பித்தவன், அவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் முடியாதே.

காணிக்கைக்கு அவசரம் வேண்டாம்.

உங்கள்
ஜோவிதா

◆

சாரம்
செப்டம்பர் 9

சேசு மரி சூசை துணை

மாதா காரியத்துல அவசரம் இல்லாம எப்படிடி? நேத்து மாதா பொறந்தநாள். வில்லியனூர் போயி நேர்ச்சைய முடிச்சுட்டு வந்துட்டேன். தைலம் வந்துச்சு, மாமா முட்டிய விட்டுட்டு முதுகுக்கும் சேத்துத் தடவிக்கிறாரு.

கதையக் கேளு. உருவம் விக்கிறவர்கிட்ட வெள்ளியில கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு, தொட்டில் இருக்கு, வூடுகூட இருக்கு. தொண்டை இல்ல. "தொண்டைய யாரும் கேக்குறதில்லம்மா"ன்றாரு. "ஏன், ஜனங்களுக்குத் தொண்டையே நோவுறதில்லையா?"ன்னேன். அப்பறம் வெள்ளி வேலை செய்யுற பத்தர்கிட்ட போயி சொல்லிச் செஞ்சேன். அவருக்கும் அது எப்படி இருக்கும்னு தெரியல. என் கழுத்தையே பாத்துப் பாத்துத் தட்டினாரு. செஞ்சு முடிச்சு கையில குடுத்தா கூஜா மாதிரி இருக்கு! "இதுல காப்பி ஊத்தி எடுத்துகிட்டுப் போலாம்"னாரு உங்க மாமா. அவருக்கு எல்லாமே கிண்டல்.

மாதாவுக்குத் தெரியாதான்னு வெச்சுட்டேன். வெச்சுட்டு, குழப்பம் வந்துடக் கூடாதுன்னு பேரு ஊரு எல்லாம் சொல்லிக் கேட்டேன். "பிள்ளைச்சாவடி லூர்துபிரகாஷ் மக ஜோவிதா, இப்ப பெங்களூர்ல இருக்கா, அவ குரல்ல இருக்குற கீறல் பூரா போயி, தேன் மாதிரி ஆகணும் தாயே"ன்னு. பக்கத்துல முட்டி போட்டிருந்த அம்மா கண்ண முழிச்சு என்னப் பாத்தாங்க. நான் கொஞ்சம் சத்தமா கேட்டுட்டேன் போல.

மனசு லேசா இருக்கு. நீயும் நிம்மதியா இரு.

அத்தை

◆

சாரம்
அக்டோபர் 5

சேசு மரி சூசை துணை

உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஒரு மாசமாச்சு, பதில் இல்ல. நல்லா இருக்கான்னு உங்கப்பன் சொல்றான், ஆனா அவன் எதையும் கேக்காமயே சொல்றவன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடுறேன். "கரண்ட் பில்லுதாம்மா"ன்றாரு.

பஸ் ஸ்டாண்டுகிட்ட உங்க பேண்டு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. கடற்கரை காந்தி திடல்ல, நவம்பர் ஒண்ணாந்தேதி, புதுச்சேரி விடுதலை நாளைக்கு. பாத்ததும் எனக்கு ரெக்கை மொளச்ச மாதிரி இருந்துச்சு. கிட்டப் போயிப் பாத்தேன். செம்மல் இருக்கான், மத்த பசங்களும் இருக்கானுங்க. நடுவுல நீ நிக்கிற எடத்துல வேற ஒரு பொண்ணு நிக்குது.

யாருடி அது?

அத்தை

◆

பெங்களூரு
அக்டோபர் 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அவர் பெயர் சிவசங்கரி. சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்றவர். நல்லவர். ஒருநாள் என் அறைக்கு வந்து, என்னைப் போலவே எதுவும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் பாடிய "நங்கூர"த்தைச் செம்மல் அனுப்பியிருந்தான். எங்கும் ஒரு பிசிறு இல்லை அத்தை. அந்தப் பாட்டு இவ்வளவு அழகு என்று அதை எழுதிய எனக்கே தெரியாது.

புதுச்சேரி நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் அடுத்த வருடச் சுற்றுப்பயணத்துக்கும் அவர்தான் என்று பேச்சு. அதற்குள் நான் அறுவை செய்துகொண்டு, பாட்டும் கற்றுக்கொண்டு, தெளிந்த குரலோடு திரும்பி வரலாம் என்கிறார்கள். நவம்பர் நடுவில் மருத்துவர் நாள் கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எல்லாம் நீங்கள் மாதாவிடம் கேட்டபடியே நடக்கிறது.

ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். மாதாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால், கேட்டது கேட்டதுதானா? சும்மாதான் கேட்கிறேன்.

அந்த நிகழ்ச்சிக்கு நீங்கள் போக வேண்டாம். மாமாவின் முட்டிக்குக் கூட்டம் ஆகாது.

ஜோவிதா

◆

சாரம்
நவம்பர் 2

சேசு மரி சூசை துணை

போனேன். திட்டறதுன்னா திட்டிக்கோ, ஆனா வாயால திட்டாத. மாமா முட்டிக்கு ஒண்ணும் ஆகல. அவர வூட்டுலயே விட்டுட்டு உங்கப்பன இழுத்துகிட்டுப் போனேன்.

ஜோவி, அந்தச் சிவசங்கரி பாடிச்சு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்வளவு சுத்தம். "மாதாவே, இந்தக் குரலத்தான் எங்க பொண்ணுக்குக் கேட்டேன்"னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஜனங்களும் நல்லாத்தான் கை தட்டுனாங்க. ஆனா உக்காந்துகிட்டே தட்டுனாங்க. நடுவுல போன நோண்டுறாங்க, சுண்டல் வாங்கப் போறாங்க.

அப்பறம் "நங்கூரம்" ஆரம்பிச்சுது. மொத்தத் திடலும் எழுந்து நின்னுச்சு. என் பக்கத்துல பிள்ளைச்சாவடி பசங்க நாலு பேரு. ஒருத்தன், "ஆயா, நீங்களும் பாடுங்க ஆயா"ன்றான். ஆயாவாம்! ஐம்பத்தாறு வயசுல நான் ஆயாவாடா உனக்குன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்த எடம் வந்துடுச்சு. "இழுடா கயித்த, இன்னும்..."

மேடையில அந்தப் பொண்ணு "இன்னும்"ங்கறத எண்ணெய் ஊத்துன மாதிரி இழுத்துகிட்டுப் போவுது. கீழ அத்தன ஜனமும் உடைஞ்சாங்க ஜோவி. நீ உடையற அதே எடத்துல, அதே மாதிரி ரெண்டா. பசங்க, பொண்ணுங்க, கொழந்தைய தோள்ல வெச்சுகிட்டு நின்ன ஆளு, எல்லாருக்கும் அந்த எடத்துல தொண்டை கிழியுது. ஒருத்தன் தப்பாப் பாடினா தப்புன்னு சொல்லலாம். ஒரு கடற்கரை பூரா ஒரே எடத்துல தப்பாப் பாடினா அத என்னன்னு சொல்றது? இத்தன வருஷம் கோயில்ல பாடுறேனே, எங்க பாட்ட ஜனங்க நின்னு கேப்பாங்க. எங்ககூட ஒருத்தரும் இப்படி உடைஞ்சதில்ல.

ரெண்டாந்தடவ அந்த எடம் வந்தப்போ சிவசங்கரி பாடல. மைக்க தள்ளிப் பிடிச்சுகிட்டு ஜனங்களையே கேட்டுகிட்டு நின்னுச்சு.

முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால போயி செம்மலப் புடிச்சேன்.

"வாங்க அத்த!"ன்னான்.

"என்னாடா அத்த? மீன்குழம்புக்கு அத்த, போஸ்டருக்கு வேற ஆளா?"

"அவளுக்காகத்தான் அத்த. இதே மாதிரி கிழிச்சுகிட்டே இருந்து, ஒருநாள் மொத்தமா சத்தம் போயிட்டா? அப்ப யாரு பதில் சொல்றது?"

அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. பொய் சொல்லல. அந்தச் சிவசங்கரி தண்ணி குடிச்சுகிட்டே என்கிட்ட வந்துச்சு. "அம்மா, நான் சின்னப் பிள்ளையிலருந்து கத்துகிட்டது பூரா அந்த எடத்துல உடையாம இருக்கத்தான். இப்ப உடைன்னா எனக்கு வரமாட்டேங்குது"ன்னு சொல்லிச் சிரிச்சுது. தங்கமான பொண்ணு.

உங்கப்பன்தான் என்ன வூட்டுல கொண்டுவந்து விட்டான். வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, "எல்லாருக்கும் தெரியுதுக்கா, அவ எங்க கிழியுறான்னு எல்லாருக்கும் தெரியுது"ன்னான்.

ஐயோ ஜோவி, நான் மாதாகிட்ட என்ன கேட்டு வெச்சிருக்கேன்! கீறல் பூரா போவணும்னு நானே வாயத் திறந்து கேட்டிருக்கேனே. கையெழுத்துப் போட்டுட்டியா? ஒடனே எழுது.

அத்தை

◆

பெங்களூரு
நவம்பர் 10

அன்புள்ள அத்தைக்கு,

போடவில்லை.

அப்பா சொன்னதாக நீங்கள் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்குப் பாட வராது என்று எனக்கு எப்போதும் தெரியும். மேடையில் ஏறும் ஒவ்வொரு முறையும், இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் ஏறுவேன். அதனால் செம்மல் அறுவை என்றபோது மறுக்க எனக்கு வாய் இல்லை. பேசத் தடை இருந்ததால் மட்டும் இல்லை. சரியான குரல் வேண்டாம், இந்தக் குரல்தான் வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

நேற்று செம்மல் வந்தான். காந்தி திடலில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினான். மேடைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூட்டத்தின் சத்தத்தை மட்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவன் போகும்போது, "நீ எது சொன்னாலும் சரி" என்று மட்டும் சொன்னான்.

கிறிஸ்துமஸ் முடியும்வரை பேசாமல் இருந்து, பிறகு பயிற்சியும் செய்து பார்க்கிறேன் என்று மருத்துவருக்கு எழுதிக் காட்டினேன். ஒப்புக்கொண்டார், ஆனால் உறுதி தர முடியாது என்றார். பழைய குரல் வரலாம். வேறு மாதிரி வரலாம். பாடவே முடியாமலும் போகலாம்.

பயமாக இருக்கிறது அத்தை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜோவிதா

◆

சாரம்
நவம்பர் 21

சேசு மரி சூசை துணை

நான் எப்படி இருக்கேன்னா, சாமியாரோட சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்.

வில்லியனூர் கோயில்ல ஒரு ஃபாதரப் புடிச்சு, "கேட்ட மன்றாட்ட வாபஸ் வாங்க முடியுமா ஃபாதர்?"னு கேட்டேன். "என்னம்மா கேட்டீங்க?"ன்னாரு. எல்லாத்தையும் சொன்னேன். பாவம், பாதியிலயே உக்காந்துட்டாரு. "மாதாவுக்கு எது நல்லதுன்னு தெரியும்மா, கவலப்படாதீங்க"ன்னாரு.

"அவங்களுக்குத் தெரியும் ஃபாதர், இல்லன்னு சொல்லல. ஆனா நான் காணிக்கை வெச்சு, பேரு ஊரோட கேட்டுட்டேனே. கேட்டத செஞ்சு குடுக்குறவங்களாச்சே அவங்க! அதான் பயம்."

"சரிம்மா, மறுபடியும் போயி மாத்திக் கேளுங்க."

"அப்ப வெள்ளித் தொண்டை?"

"அது இருக்கட்டும்மா, திருப்பியெல்லாம் எடுக்க முடியாது"ன்னு சிரிச்சாரு.

போயி முட்டி போட்டேன். என்ன கேக்கறதுன்னு வாய் வரல. என் வாழ்நாள்ல எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்தது அன்னிக்குத்தான். கிழிஞ்ச குரல் குடுங்கன்னு எப்படிடி கேக்கறது? தாய்கிட்ட போயி ஓட்ட சட்டி குடுன்னு கேக்குற மாதிரி இல்ல? கடைசில, "தாயே, நான் அன்னிக்குச் சொன்னத காதுல வாங்காதீங்க. அவ எப்படி இருந்தாளோ அப்படியே குடுங்க"ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஆனா முன்ன சத்தமா கேட்டதும் இப்ப மெதுவா கேட்டதும் எது அவங்களுக்கு எட்டியிருக்கும்னு தெரியல. தூக்கம் வர மாட்டேங்குது.

பாட முடியாமப் போனா போவட்டும், இங்க வா. பேசாமயே இருந்தாலும் சரி, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசுறேன்.

அத்தை

◆

பெங்களூரு
ஜனவரி 3

அன்புள்ள அத்தைக்கு, மாமாவுக்கும், புத்தாண்டு வாழ்த்துகள்.

உங்கள் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், என்ன ஆகும் என்று தெரியாமல் எதை எழுதுவது?

நேற்று மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். முடிச்சுகள் சுருங்கிவிட்டன. "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் பதறிப்போய், "சளி கட்டியிருக்கா?" என்று கேட்டார்.

இல்லை அத்தை. அது நான்தான்.

பொங்கலுக்கு அடுத்த வாரம், அதே காந்தி திடல். மூன்று பாட்டுக்கு மட்டும் மருத்துவர் அனுமதி கொடுத்திருக்கிறார். மீதியைச் சிவசங்கரி பாடுகிறார். அவராகவே கேட்டுக்கொண்டு வருகிறார். அந்த மூன்றில் தொண்டை நிற்குமா என்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. அப்பாவை அழைத்து வாருங்கள்.

ஜோவிதா

◆

சாரம்
ஜனவரி 27

சேசு மரி சூசை துணை

நல்லபடியா ஊர் போயி சேந்தியா? பஸ்ல ஜன்னல் கண்ணாடிய மூடிகிட்டியா? குளுருக் காத்து தொண்டைக்கு ஆகாது. அன்னிக்கு அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல உன்கூட நாலு வார்த்த பேச முடியல, அதனால எழுதுறேன். உன்னக் கட்டிப் புடிச்சு அழுததோட சரி. எனக்கே தொண்டை கட்டிப்போயி, மூணு நாளா ஜெபமாலைக்கு மாமாதான் முன்னால சொல்றாரு. அவரு பாதிலயே தூங்கிடுறாரு.

ஜோவி, நீ மேடைக்கு வந்தப்போ என் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. வேண்டிகிட்டவ நான், அதனால உன்னவிட எனக்குப் பயம். தேன் வருமோ, கீறல் வருமோ, ஒண்ணுமே வராமப் போயிடுமோன்னு உங்கப்பன் கையப் புடிச்சுகிட்டு நின்னேன். அவன் கை என்னதவிட சில்லுன்னு இருந்துச்சு. நீ "நங்கூர"த்தயே மொதப் பாட்டா எடுத்துட்ட. ஏண்டி, கொஞ்சம் சின்னப் பாட்டா ஆரம்பிச்சிருக்கக் கூடாதா? அந்த "இன்னும்" வந்துச்சு பாரு, ரெண்டா உடைஞ்சு வந்துச்சு. அதே குரல், ஒரு நூல் மாறல! "மாதாவே கேட்டுட்டீங்களே, மெதுவா சொன்னதத்தான் கேட்டீங்க"ன்னு அங்கயே மண்ணுல முட்டி போட்டுட்டேன். பக்கத்துல நின்ன பசங்க என்னத் தூக்கி நிறுத்துனானுங்க. உங்கப்பன் கண்ணத் தொடச்சுகிட்டே நின்னான். மூணாவது பாட்டுல நீயும் சிவசங்கரியும் சேந்து பாடினீங்களே, அது மேல பறக்குது, நீ கீழ மண்ணுல கால ஊனி நிக்கிற. அந்த மாதிரி ஒண்ண நான் எந்தக் கோயில்லயும் கேட்டதில்ல. பாட்டுக்குழு சிஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.

செம்மல வரச் சொல்லு, வஞ்சிரம் வாங்கி வெக்கிறேன். நீ தெனமும் டாக்டர் சொன்ன பயிற்சிய விடாம செய். உங்கப்பன் இப்பல்லாம் அவன் வண்டியில உன் பாட்டப் போடுறான், நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியாது.

கடுதாசிய ஒட்டப் போனேன், திரும்பிப் பிரிச்சு எழுதுறேன். இப்பத்தான் ஞாபகம் வருது. நாங்க நின்ன பக்கத்துல இருந்த ஸ்பீக்கர் மொதப் பாட்டு பூரா வேலையே செய்யல. "நங்கூரம்" முடிஞ்சப்பறம்தான் ஒரு ஆளு ஓடி வந்து ஒயர மாட்டினாரு. அப்பறம்தான் எங்களுக்கு மேடைச் சத்தமே வந்துச்சு. உன் குரல்னு நான் முட்டி போட்டுக் கும்பிட்டது பூரா பக்கத்துல நின்ன அந்தப் பசங்க பாடினதுடி.